ஒரே பதிலில் முடிகிற கேள்வி: இணையவழியில் படிப்பவர்கள் விரிவுரையாளருக்கு எழுதும் முறை

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இணையவழியில் பட்டம் படிக்கும் தமிழர்களில் பலர் யூனிசா (தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம்) மாணவர்கள். 1946 முதல் தொலைநிலைக் கல்வியை நடத்திவரும் பல்கலைக்கழகம் அது. அங்கே ஒரு முதலாண்டு மாட்யூலில் (பாட அலகில்) ஆயிரக்கணக்கானோர் பதிந்திருப்பது சாதாரணம். பிரிட்டோரியாவில் இருக்கும் விரிவுரையாளர் உங்கள் முகத்தைப் பார்க்கப்போவதே இல்லை. உங்களைப் பற்றி அவருக்குக் கிடைப்பது நீங்கள் எழுதும் நான்கு வரி மட்டுந்தான்.

அந்த நான்கு வரியை எடைபோட நான் ஒரே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறேன். வேறு எந்தப் பக்கத்தையும் திறக்காமல், உங்களிடம் எதையும் திருப்பிக் கேட்காமல் அவரால் பதில் எழுத முடியுமா? முடியும் என்றால் மடல் சரி. “எந்த மாட்யூல்?” என்று அவர் திருப்பிக் கேட்டாலே இரண்டு மூன்று நாள் போய்விடும். வெள்ளிக்கிழமை மாலை அனுப்பிய மடல் என்றால் அடுத்த வாரமும் பாதி கரைந்துவிடும். அதற்குள் அசைன்மெண்ட் கெடு முடிந்திருக்கும்.

முதலில் பெயர். இங்கே ஒரே மாட்யூலில் நாயுடு, பிள்ளை, கோவெண்டர், மூட்லி என்று ஒவ்வொரு குடும்பப்பெயரிலும் பல பேர் இருப்பார்கள். முதலெழுத்தும் ஒன்றாகவே அமைவது உண்டு. “எஸ். கோவெண்டர்” என்று கையெழுத்திட்டால் அது யாராகவும் இருக்கலாம். எனவே எட்டு இலக்க மாணவர் எண் இல்லாமல் எந்த மடலும் போகக்கூடாது. தமிழ்நாட்டிலிருந்து அண்மையில் வந்து படிப்பவர்களுக்கு வேறு சிக்கல். அப்பா பெயரின் முதலெழுத்து பாஸ்போர்ட்டில் விரிந்து, பதிவேட்டில் குடும்பப்பெயராக ஏறியிருக்கும். மின்னஞ்சலில் தெரியும் பெயரும் பதிவேட்டுப் பெயரும் பொருந்தாது. பதிவேட்டில் உள்ளபடியே பெயரை எழுதி, பக்கத்தில் எண்ணைப் போட்டுவிட்டால் தீர்ந்தது.

மடலைப் பல்கலைக்கழகம் தந்த முகவரியிலிருந்தே அனுப்புங்கள். யூனிசாவில் அது மைலைஃப் கணக்கு. சொந்த ஜிமெயிலிலிருந்து அனுப்பினால் இரண்டு சங்கடங்கள். ஒன்று, அது ஸ்பாம் பெட்டிக்குள் போகலாம். மற்றொன்று, எழுதுவது நீங்கள்தான் என்பதற்கு உறுதி இல்லாததால் மதிப்பெண் போன்ற தனிப்பட்ட தகவலை விரிவுரையாளர் தர மறுக்கலாம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருப்பதால், மறுப்பது அவருடைய பிடிவாதம் அல்ல. அம்மாவோ அண்ணனோ உங்களுக்காக எழுதிக் கேட்டாலும் இதே பதில்தான் வரும்.

பொருள் வரி எப்படி இருக்க வேண்டும்? “உதவி தேவை”, “அவசரம்”, “அசைன்மெண்ட் பற்றி” இவை மூன்றும் வீண். இப்படி எழுதலாம்:

பிஒய்சி1501 – அசைன்மெண்ட் 2, கேள்வி 3 – சொல் வரம்பில் மேற்கோள் பட்டியல் சேருமா? – 12345678

மாட்யூல் குறியீடு, எந்த வேலை, எந்தக் கேள்வி, மாணவர் எண். யூனிசா குறியீடு பெரும்பாலும் மூன்று எழுத்தும் நான்கு எண்ணுமாக இருக்கும். அதில் முதல் எண் எந்த ஆண்டு நிலை என்பதைக் காட்டும். ஒரே விரிவுரையாளர் இரண்டு மூன்று மாட்யூல்களை நடத்துவார் என்பதால் பாடத்தின் பெயரைவிடக் குறியீடுதான் பயன்படும்.

உள்ளே எழுதும்போது நம்மவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மரியாதை என்று நினைத்து, முதல் ஐந்து வரிகளில் நலம் விசாரித்து, பொன்னான நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு மன்னிப்புக் கேட்டு, குடும்ப நிலையைச் சொல்லி, ஆறாவது வரியில்தான் கேள்விக்கு வருவோம். கைப்பேசியில் மடலைத் திறக்கும் விரிவுரையாளருக்கு அந்த ஆறாவது வரி திரையிலேயே தெரியாது. கேள்வியை முதல் இரண்டு வரிகளுக்குள் வையுங்கள். மரியாதையை விளிப்பில் காட்டினால் போதும். பேராசிரியர் என்றால் ‘புரொஃப்’, முனைவர் என்றால் ‘டாக்டர்’, அதோடு அவருடைய குடும்பப்பெயர். பள்ளிக்கூடப் பழக்கத்தில் ‘சார்’, ‘மேம்’ என்று மட்டும் எழுதினால் பெரிதாகக் கோபிக்கமாட்டார்கள். ஆனால் அவர் ஆணா பெண்ணா என்று ஊகித்துத் தவறினால் சங்கடம். பட்டமும் குடும்பப்பெயரும் சேர்த்து எழுதினால் அந்த ஊகமே தேவையில்லை. பெயரை மாட்யூல் பக்கத்திலிருந்து அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள். ஆஃப்ரிகான்ஸ் பெயர்களில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ‘வான் டெர் மெர்வே’ போன்ற பெயருக்கு முன்னால் முதற்பெயரோ முதலெழுத்தோ இருந்தால் ‘வான்’ சிறிய எழுத்தில் தொடங்கும். பட்டம் மட்டும் இருந்தால் பெரிய எழுத்தில் தொடங்கும். இதைச் சரியாக எழுதும் மாணவர் குறைவு. அதனாலேயே கண்ணில் படும்.

பாடப்பொருள் பற்றிய கேள்வியின் உடல் எப்படி அமைய வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி. அனுப்பும்போது மாட்யூலின் பயிற்றுமொழியில், பெரும்பாலும் ஆங்கிலத்தில், எழுதுவீர்கள். வரிசையைக் காட்டுவதற்காகத் தமிழில் தருகிறேன்.

“வணக்கம் டாக்டர் …, அசைன்மெண்ட் 2இன் 3ஆம் கேள்வி 1500 சொற்கள் என்கிறது. மேற்கோள் பட்டியல் இதில் சேருமா? டுடோரியல் லெட்டர் 101இல் அசைன்மெண்ட் பகுதியையும் மாட்யூல் மன்றத்தில் இந்த மாதப் பதிவுகளையும் பார்த்தேன், இதுபற்றி எதுவும் இல்லை. பதில் வரும்வரை பட்டியலைச் சேர்க்காமல் எண்ணுகிறேன். நன்றி. பெயர், 12345678, பிஒய்சி1501.”

இதில் மூன்றாவது வாக்கியந்தான் வேலை செய்கிறது. எங்கே தேடினீர்கள் என்று சொல்லிவிட்டால் “101ஐப் பாருங்கள்” என்ற ஒற்றை வரிப் பதில் வராது. டுடோரியல் லெட்டர் 101 என்பது ஒவ்வொரு மாட்யூலுக்கும் வரும் முதல் கையேடு. கெடு நாள்கள், மதிப்பெண் பங்கீடு, தொடர்பு விவரம் எல்லாம் அதில் இருக்கும். அதைப் படிக்காமல் கேட்கப்படும் கேள்விகள்தான் விரிவுரையாளரின் பொறுமையைத் தின்கின்றன. நான்காவது வாக்கியமும் முக்கியம். பதில் தாமதமானாலும் நீங்கள் எப்படி நடந்துகொள்ளப்போகிறீர்கள் என்று அதில் பதிவாகிவிட்டது. அவருக்கும் “ஆம், அப்படியே செய்யுங்கள்” என்று எழுதுவது எளிது.

“எனக்கு மூன்றாம் பாடம் புரியவில்லை” என்று எழுதுவதில் பயனில்லை. எந்தப் பக்கம், எந்தப் பத்தி, அதை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள், எங்கே முட்டுகிறது என்று எழுதுங்கள். கணக்கு என்றால் நீங்கள் போட்ட வரிகளைப் படமெடுத்து, தவறு தொடங்குவதாக நினைக்கும் வரியில் குறியிட்டு இணையுங்கள். உங்கள் தவறான புரிதலைப் பார்த்தால்தான் அவரால் திருத்த முடியும்.

இணைப்பு என்றதும் கோப்பு வகை. ஐஃபோனில் எடுத்த படம் ஹெச்இஐசி வகையில் இருந்தால் சில கணினிகளில் திறக்காது. மேக்கில் எழுதிய பேஜஸ் கோப்பும் வின்டோஸில் நேரடியாகத் திறக்காது. எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கி அனுப்புவதே பத்திரம். ஒன்டிரைவ் இணைப்பை அனுப்பினால் அனுமதி அமைப்பைச் சரிபாருங்கள், இல்லாவிட்டால் அவருக்கு ‘அனுமதி கோருக’ என்ற பக்கந்தான் தெரியும். பிழைச்செய்தியைப் படமெடுக்கும்போது செய்தியை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். முகவரிப் பட்டையும் கணினிக் கடிகாரமும் தெரியும்படி முழுத் திரையையும் எடுங்கள். எத்தனை மணிக்கு எந்தப் பக்கத்தில் நின்றது என்பதற்கு அதுவே சான்று.

இனி, எதை எங்கே கேட்பது. பாடப்பொருள், அசைன்மெண்டின் சொல்லமைப்பு, கெடு நாள் போன்று எல்லாருக்கும் பொதுவான கேள்வி என்றால் மாட்யூல் மன்றத்தில் கேளுங்கள். உங்கள் உடல்நிலை, மதிப்பெண், குடும்பச் சூழல் என்றால் மின்னஞ்சல். பதிவு, கட்டணம், தேர்வு அட்டவணை, அரசின் என்எஸ்எஃப்ஏஎஸ் உதவித்தொகை, கடவுச்சொல் இவை எதுவும் விரிவுரையாளர் கையில் இல்லை. எத்தனை உருக்கமாக எழுதினாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தந்தப் பிரிவின் முகவரிக்கே எழுதுங்கள். ஐந்து பேரை ஒரே மடலில் சேர்த்துவிட்டால் ‘மற்றவர் பார்த்துக்கொள்வார்’ என்று ஐவரும் விட்டுவிடுவார்கள். பெறுநர் ஒருவராகவே இருக்கட்டும்.

மன்றத்தில் எழுதுவதற்கு மூடில் என்ற இணையக் கற்றல் தளத்தின் இயல்பைக் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. யூனிசா உட்படப் பல பல்கலைக்கழகங்கள் மூடிலில்தான் இயங்குகின்றன. பதிவிட்ட பிறகு திருத்துவதற்கு வழக்கமான அமைப்பில் 30 நிமிடம் கிடைக்கும். அந்த நேரம் கழிந்த பின்புதான் மற்றவர்களுக்கு மின்னஞ்சல் அறிவிப்புப் போகும். எழுத்துப்பிழையைப் பார்த்துப் பதறி இரண்டாவது பதிவு போடத் தேவையில்லை. ‘அறிவிப்புகள்’ மன்றத்தில் மாணவர் எழுத முடியாது. கேள்வி-பதில் வகை மன்றத்தில் நீங்கள் ஒன்று எழுதும்வரை மற்றவர் பதில்கள் தெரியாது. அதைப் பிழை என்று நினைத்து உதவி மையத்துக்கு எழுதுபவர்கள் உண்டு. புதிய கேள்விக்குப் புதிய தலைப்புத் தொடங்குங்கள். வேறொருவரின் இழைக்குள் “எனக்கும் ஒரு சந்தேகம்” என்று நுழைந்தால் கேள்வி காணாமல் போய்விடும். விடையின் பகுதியை அங்கே ஒட்டாதீர்கள், அது விடையைப் பகிர்ந்ததாகக் கருதப்படும்.

ஒப்படைப்பில் வரும் சிக்கல்களில் மிகக் கொடியது ‘வரைவு’ நிலை. மூடிலில் சில அசைன்மெண்டுகளுக்குக் கோப்பை ஏற்றினால் மட்டும் போதாது, ‘ஒப்படை’ பொத்தானையும் தனியாக அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் ‘வரைவு, ஒப்படைக்கப்படவில்லை’ என்றே நிற்கும். மாணவர் முடித்துவிட்டதாக நினைப்பார். விரிவுரையாளர் பக்கத்திலோ அது ஒப்படைக்காத வேலை. ஏற்றிய பின் நிலை வரியில் ‘மதிப்பீட்டுக்கு ஒப்படைக்கப்பட்டது’ என்று மாறியதா பாருங்கள், அந்தத் திரையைப் படமெடுத்து வையுங்கள். டர்னிட்டின் (நகலைச் சோதிக்கும் தளம்) வழி ஒப்படைத்தால் அதன் ரசீதில் இருக்கும் ஒப்படைப்பு எண்ணைச் சேமியுங்கள். பின்னால் தகராறு வந்தால் “நான் அனுப்பினேன்” என்ற வாக்கியத்துக்கு மதிப்பு இல்லை, எண்ணுக்குத்தான் மதிப்பு. சுயவிவரத்தில் நேர மண்டலம் ஜோகன்னஸ்பர்க் என்று இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். லண்டன் நேரத்தில் இருந்தால் கெடு உங்கள் திரையில் ஒன்றோ இரண்டோ மணி முன்னதாகவும், இந்திய நேரத்தில் இருந்தால் மூன்றரை மணி பின்னதாகவும் தெரியும். இரவு 11:59 கெடு இந்திய நேரத்தில் மறுநாள் அதிகாலை 3:29 என்று காட்டும். அதை நம்பி உட்கார்ந்திருந்தால் போச்சு.

கூடுதல் நாள் கேட்பது தனிக் கலை. கெடுவுக்கு முன்னால் கேட்டால் கோரிக்கை, பின்னால் கேட்டால் சாக்கு. பெரும்பாலானவர்கள் பார்ப்பது அப்படித்தான். மடலில் ஐந்து தகவல் இருக்கட்டும்: என்ன நடந்தது, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது, எந்த நாளுக்குள் தருவீர்கள், என்ன சான்று இணைத்திருக்கிறீர்கள். “கொஞ்சம் நாள் தாருங்கள்” என்றால் எவ்வளவு என்று அவர் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. “வியாழன் 23:59 வரை” என்றால் ஆம் அல்லது இல்லை சொன்னால் போதும். பாதி எழுதிய கோப்பையும் இணையுங்கள். சொல்வது உண்மை என்பதற்கு அதைவிடச் சான்று இல்லை.

சான்று என்றால் என்னென்ன? மருத்துவச் சான்றிதழில் மருத்துவரின் பெயர், முகவரி, தகுதி, உங்கள் பெயர், பரிசோதித்த தேதியும் நேரமும், எத்தனை நாள் ஓய்வு, கையெழுத்து இவை இருக்க வேண்டும். மருத்துவர் தானே பரிசோதித்து எழுதினாரா, நோயாளி சொன்னதை வைத்து எழுதினாரா என்பதையும் சான்றிதழ் குறிப்பிட வேண்டும். இரண்டாவது வகை வலு குறைந்தது. காய்ச்சல் விட்ட பிறகு போய்ப் பின்தேதியிட்டுக் கேட்கும்போது கிடைப்பது அதுதான். ஆவணமே இல்லாத நிகழ்வு, அதாவது மடிக்கணினி திருட்டு, வீட்டில் நெருக்கடி போன்றவை என்றால் உறுதிமொழிப் பத்திரம். அருகிலுள்ள காவல் நிலையத்தில் இலவசமாக முடியும். அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள். முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக்கொண்டு போகாதீர்கள், அதிகாரி முன்னிலையில் போட்டால்தான் செல்லும். முத்திரை விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

மின்சாரம் போனதற்கு “லோட்ஷெடிங்” (சுழற்சிமுறை மின்வெட்டு) என்ற ஒரு சொல் போதாது. எந்தப் பகுதி, எந்த பிளாக், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று அட்டவணைப் படத்தோடு எழுதுங்கள். அட்டவணையில் இல்லாத தடை, கேபிள் திருட்டு போன்றது என்றால் டர்பனை நிர்வகிக்கும் எதெக்வினி நகராட்சியில் புகார் பதிந்து அவர்கள் தரும் குறிப்பு எண்ணைக் கொடுங்கள். இருபது நாள் திறந்திருந்த அசைன்மெண்டுக்குக் கடைசி இரண்டு மணிநேர மின்தடையைக் காரணம் காட்டினால் யாரும் இரங்கமாட்டார்கள், இரங்காததும் நியாயந்தான். நேரம் குறித்த இணையவழித் தேர்வில் நின்றுபோனால் கதை வேறு. அப்போது தேர்வு நேரம் முடியும் முன்பே கைப்பேசி டேட்டாவிலிருந்து இரண்டு வரி அனுப்பிவிடுங்கள். ஆவணங்கள் பிறகு வரட்டும்.

நம் பண்டிகை, சடங்கு பற்றியும் சொல்ல வேண்டும். தீபாவளி இந்த நாட்டில் பொது விடுமுறை அல்ல. அது வருவதோ அக்டோபர்-நவம்பர் தேர்வுக் காலத்தில். தமிழ் வீடுகளும் இந்தி வீடுகளும் சில ஆண்டுகளில் அடுத்தடுத்த நாள்களில் கொண்டாடுவதால், ‘தீபாவளியன்று’ என்று எழுதினால் எந்த நாள் என்று விரிவுரையாளருக்குத் தெரியாது. தேதியை எழுதுங்கள். தேர்வு அட்டவணை வந்த வாரத்திலேயே எழுதுங்கள், முந்தின வாரம் எழுதினால் எதையும் மாற்ற முடியாது. தைப்பூசக் காவடி ஆண்டுத் தொடக்கத்தில் வருவதால் பெரும்பாலும் மோதல் இல்லை. வீட்டில் மரணம் என்றால் பதினாறாம் நாள் காரியம் என்ன என்பது வெளியாருக்குத் தெரியாது. இறந்தவர் உங்களுக்கு என்ன முறை, இறுதிச் சடங்கு எந்தத் தேதி, பதினாறாம் நாள் எந்தத் தேதி, அதில் உங்களுக்கு என்ன பொறுப்பு என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்.

மதிப்பெண் பற்றி எழுதுவதற்கு முன் ஒரு நாள் விடுங்கள். கோபம் ஆறட்டும். பிறகு மதிப்பீட்டு அட்டவணையைத் திறந்து, எந்த வரியில் எத்தனை மதிப்பெண் போயிற்று என்று பாருங்கள். “எனக்கு 48 எப்படி வந்தது?” என்பது சண்டை. “இரண்டாவது அளவுகோலில் 10க்கு 3. 4ஆம் பக்கத்தில் இரண்டு எடுத்துக்காட்டுகள் தந்திருக்கிறேன். அவை ஏன் போதவில்லை என்று சொன்னால் அடுத்த அசைன்மெண்டில் திருத்திக்கொள்வேன்” என்பது கேள்வி. கூட்டலில் பிழை என்றால் அதை மட்டும், கூட்டிக் காட்டி எழுதுங்கள். பெரிய மாட்யூல்களில் திருத்துபவர் வேறு, விரிவுரையாளர் வேறு, டியூட்டர் வேறு. டியூட்டர் பாடத்தை விளக்குவார், மதிப்பெண்ணை மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை.

டீம்ஸ் நேரலை வகுப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டேட்டா குறைவாக இருந்தால் உள்வரும் காணொளியை அணைத்துவிடுங்கள், குரல் தடையில்லாமல் வரும். கேள்வியை முன்கூட்டியே தட்டச்சு செய்து வைத்து, அரட்டைப் பெட்டியில் ஒரே செய்தியாகப் போடுங்கள்.

வாட்ஸ்அப் குழுக்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. கெடு நாளை நினைவூட்டுவதற்கு அவை நல்லவை. ஆனால் ‘கெடு தள்ளிவைக்கப்பட்டது’ என்ற வதந்தி பிறப்பதும், விடை விற்பவர்கள் நுழைவதும் அங்கேதான். விரிவுரையாளர் அறிவிப்பில் வராத எதையும் நம்பாதீர்கள். அடையாள எண்ணையோ மாணவர் எண்ணையோ அங்கே போடாதீர்கள். சாட்ஜிபிடி போன்ற கருவிகளை எதுவரை பயன்படுத்தலாம் என்ற கேள்வியையும் குழுவில் கேட்டுப் பயனில்லை. மாட்யூலுக்கு மாட்யூல் விதி மாறும். மொழியைச் செப்பனிட மட்டுமா, அமைப்புக்குமா, எப்படிக் குறிப்பிடுவது என்று விரிவுரையாளரிடமே எழுத்தில் கேட்டு அந்தப் பதிலைச் சேமியுங்கள்.

பதில் வரவில்லை என்றால்? மூன்று வேலை நாள் பொறுங்கள். இடையில் பொது விடுமுறை உண்டா என்று பாருங்கள். ஏப்ரல் 27, மே 1 என்று நெருங்கி வரும் வாரங்களில் பதில் இழுக்கும். ஞாயிறில் விழும் விடுமுறைக்குத் திங்களும் விடுமுறை. பிறகு அதே மடலின் மேல், அதே இழையில், இரண்டு வரி நினைவூட்டல்: “கீழுள்ள கேள்விக்குப் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும், கெடு 14ஆம் தேதி.” புதிய மடலாக அனுப்பினால் முந்தையது அவருக்குத் தெரியாது. அதற்கும் பதில் இல்லை என்றால் மாட்யூலின் முதன்மை விரிவுரையாளர், பிறகு துறைத் தலைவர். ஒவ்வொரு படியிலும் முந்தைய மடல்களைக் கீழே விட்டே அனுப்புங்கள், யாரையும் குற்றம் சாட்டாமல் தேதிகளை மட்டும் சொல்லுங்கள். நேராக டீனுக்கு எழுதினால் மடல் துறைக்கே திரும்பி வரும், கூடவே ஒரு வாரமும் போகும்.

இங்கிருந்தே சென்னையின் தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் தமிழ் படிப்பவர்களுக்கும் மேலே சொன்னவை பொருந்தும், இரண்டைத் தவிர. தமிழிலேயே எழுதுகிறீர்கள் என்பதால் ‘மதிப்பிற்குரிய ஐயா’, ‘அம்மா’ என்ற விளிப்பு அங்கே முழுக்க இயல்பானது. குடும்பப்பெயரைத் தேட வேண்டியதில்லை. நேரமும் வேறு. சென்னை நமக்கு மூன்றரை மணி முன்னால். அங்கே மாலை 5 மணி என்றால் டர்பனில் பகல் 1:30. வேலைக்குப் போகுமுன் காலையில் அனுப்பினால் அன்றே பதிலுக்கு வாய்ப்புண்டு, மதிய உணவுக்குப் பின் அனுப்பினால் மறுநாள்தான். பொங்கலை ஒட்டிய நாள்களில் அங்கே விடுமுறை என்பதையும் கணக்கில் வையுங்கள். தமிழைக் கைப்பேசியில் தட்டச்சு செய்யும்போது யூனிகோடு எழுத்துருவையே பயன்படுத்துங்கள். பழைய எழுத்துருக் கோப்புகளை இணைத்தால் அங்கே எழுத்துகள் உருக்குலைந்து தெரியலாம்.